சென்னை – டொராண்டோ: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு

கைபேசியில் தட்டிப் பார்த்தால் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் இடையே 13,400 கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஏறக்குறைய 17 மணி என்று பதில் வரும். முதல் எண் சரி. இரண்டாவது எண்ணை நம்பி டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் மகளிடம், "நாளைக்கு மத்தியானம் வந்துடுவேன்மா" என்று சொல்லிவிடாதீர்கள். மீனம்பாக்கத்தில் ஏறி நடுவில் எங்கும் இறங்காமல் டொராண்டோவில் போய் இறங்கும் விமானம் கிடையாது. தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் வருவதுதான் அந்த 17. கணக்கு சரி, விமானம்தான் இல்லை.

நிஜத்தில் சென்னை விமான நிலையத்திலிருந்து டொராண்டோ பியர்சன் விமான நிலையம் வரை ஒரே ஒரு மாற்றத்துடன் போனால் 20 முதல் 24 மணி ஆகும். இரண்டு இடத்தில் மாறினாலோ, நடுவில் ஓர் இரவு காத்திருந்தாலோ 30 மணியைத் தாண்டும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு நம் கையில் இருக்கிறது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரு தளத்தில் 13,400 என்றும், இன்னொன்றில் 8,320 என்றும், வேறொன்றில் 7,230 என்றும் பார்த்திருப்பீர்கள். மூன்றும் ஒரே தூரம்தான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது மைல், மூன்றாவது விமானிகளும் மாலுமிகளும் வைத்துக்கொள்ளும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மைலேஜ் புள்ளி சேர்க்கிறவர்கள் மைல் கணக்கைப் பார்த்தால் போதும். மற்றவர்கள் கிலோமீட்டரோடு நிற்கலாம்.

வரைபடம் சொல்லும் பொய்

சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது அரபிக்கடல், வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே போகும். விமானம் அப்படிப் போகாது. வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சென்னையில் ஒரு முனையையும் டொராண்டோவில் மறு முனையையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் மேற்கே சாயாமல் வடக்கே ஏறும். ராஜஸ்தான் பக்கமாக மேலே போய், இஸ்லாமாபாத், தஜிகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யாவின் யூரல் மலைகள் என்று ஏறி, நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவில் ஆர்க்டிக் கடலில் வடக்கு 73 பாகைக்கு மேல் போய்த் திரும்பும். பிறகு கிரீன்லாந்துப் பனியைக் கடந்து, கியூபெக் மாகாணத்தின் வட கோடியில் கனடாவுக்குள் இறங்கும். பூமியின் மேல் இரண்டு ஊர்களுக்கு இடையே இதைவிடக் குறுகிய வழி கிடையாது. பெருவட்டப் பாதை என்பது இதுதான்.

சென்னையில் புறப்படும்போது இந்தக் கோடு நேர் வடக்கிலிருந்து மேற்கே 17 பாகைதான் சாய்ந்திருக்கிறது. கனடா மேற்கில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஏறுகிறோம்; உண்மையில் நாம் போவது வடக்கே.

இந்த நூல் டெல்லியை உரசிக்கொண்டு போவதைக் கவனியுங்கள். சென்னை – டெல்லி 1,760 கிலோமீட்டர், டெல்லி – டொராண்டோ 11,640. கூட்டினால் அதே 13,400. டெல்லியில் மாறுவதால் தூரத்தில் நஷ்டமே இல்லை. லண்டன் வழியாகப் போனால் 8,230-உம் 5,710-உம் சேர்ந்து 13,940. பிராங்க்பர்ட் வழியும் அதே 13,940-ஐ ஒட்டித்தான் வருகிறது. துபாய் வழி 2,930-உம் 11,080-உம் சேர்ந்து 14,010. அபுதாபியும் கிட்டத்தட்ட அதேதான். தோஹா வழி 14,160. கிழக்கே திரும்பி ஹாங்காங் வழியாகப் போனால்தான் 16,260 ஆகிறது. கட்டணம் கணிசமாகக் குறைந்தாலொழிய அந்தப் பக்கம் போவதில் அர்த்தமில்லை.

கொழும்பிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு நேர்க்கோட்டுத் தூரம் 14,000 கிலோமீட்டரைத் தொடும். சென்னையைவிட 600 கூடுதல். மற்றபடி இங்கே சொல்வது எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

ஆக, டெல்லி, லண்டன், பிராங்க்பர்ட், துபாய், தோஹா எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் உள்ள இடைவெளி 760 கிலோமீட்டர். விமானத்துக்கு அது ஒரு மணி நேர வேலைகூட இல்லை. ஏஜென்ட் "இது சுத்து ரூட் சார், அது ஸ்ட்ரெயிட் ரூட்" என்று சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். தூரத்தை வைத்து வழி தேர்ந்தெடுப்பது வீண். பார்க்க வேண்டியவை வேறு: காற்று, மூடிய வானம், நடுவில் காத்திருக்கும் நேரம்.

காற்றும் மூடிய வானமும்

தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் வட பாதியில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பலத்த காற்றோட்டம் ஒன்று உண்டு. விமானங்கள் பறப்பதும் அதே உயரத்தில்தான். கனடாவுக்குப் போகும்போது எதிர்நீச்சல், திரும்பும்போது வெள்ளத்தோடு போவது. லண்டன் – டொராண்டோ போக 8 மணி என்றால் வர 7 மணி போதும். துபாய் – டொராண்டோ போக 14 மணி, திரும்ப 13 மணிக்குள். குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் வேகம் பிடிக்கும், வித்தியாசமும் கூடும். அதனால் ஒருவர் போன நேரத்தை வைத்து இன்னொருவர் வரும் நேரத்தைக் கணிக்கக் கூடாது.

உத்தேசமாகக் கணக்குப் போட நான் வைத்துக்கொள்ளும் வழி இது: தூரத்தை 850-ஆல் வகுத்து, முக்கால் மணி சேர்ப்பது. மேற்கே போனால் மேலும் கால் மணி முதல் அரை மணி கூட்ட வேண்டும். கிழக்கே வந்தால் அதே அளவு கழிக்க வேண்டும். துபாய் – டொராண்டோவுக்கு 11,080-ஐ 850-ஆல் வகுத்தால் 13. மீதியைச் சேர்த்தால் 14. அட்டவணையும் அதை ஒட்டித்தான் சொல்கிறது. குறுகிய தூரத்துக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது; நீண்ட தூரத்துக்குப் போதும்.

அட்டவணையில் அச்சிடும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். விமானம் வாசலை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊரில் வாசலில் வந்து நிற்பது வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் மறுபடி ஊர்வது எல்லாம் அதில் அடக்கம். தாமதத்துக்காக நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வைக்கும். "இருபது நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்" என்று விமானி பெருமையாக அறிவிப்பது இதனால்தான்.

இனி மூடிய வானம். மேலே சொன்ன நூல் போகிற வழியில் பாகிஸ்தானும் ரஷ்யாவும் இருக்கின்றன. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானை மூடின; ரஷ்யா பதிலுக்கு அவர்களுக்கு மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்குத் தன் வானை மூடியது. கனடா விமானத்துக்கு ரஷ்யா தடை, இந்திய விமானத்துக்குப் பாகிஸ்தான் தடை. வரைபடத்தில் மிகச் சுருக்கமாக இருந்த டெல்லி வழிதான் இதில் அதிகம் அடிபட்டது. 11,640 கிலோமீட்டர் என்று புத்தகத்தில் இருந்தாலும் விமானம் அதைவிட அதிகம் பறக்க வேண்டியிருக்கிறது. சில சேவைகள் எரிபொருள் நிரப்ப நடுவில் இறங்கவும் நேர்ந்தது. இந்த நிலைமை மாதத்துக்கு மாதம் மாறக்கூடியது. டெல்லி வழியாகப் பதிவு செய்கிறவர்கள் "இடையில் நிற்காது" என்று போட்டிருக்கிறதா, "தொழில்நுட்ப நிறுத்தம்" என்று போட்டிருக்கிறதா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டைப் படிப்பது எப்படி

டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். இதை மறந்தால் கணக்கு முழுக்கத் தப்பும். ஜூலை மாதத்து மாதிரி ஒன்றைப் பார்ப்போம்.

செவ்வாய் இரவு 9.50-க்குச் சென்னையில் புறப்பாடு. துபாயில் இறங்குவது புதன் அதிகாலை 12.40. கடிகாரத்தைப் பார்த்தால் 2 மணி 50 நிமிடம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால் இருப்பதால் உண்மையில் பறந்தது 4 மணி 20 நிமிடம். அங்கே 3.30 வரை காத்திருந்து அடுத்த விமானம். டொராண்டோவில் இறங்குவது புதன் காலை 9.30. துபாயில் 3.30-க்கு ஏறி 9.30-க்கு இறங்கினால் ஆறு மணி நேரம்தானே என்று தோன்றும். ஆறு அல்ல, பதினான்கு.

மொத்தம் எவ்வளவு? செவ்வாய் இரவு 9.50 முதல் புதன் காலை 9.30 வரை கடிகாரப்படி 11 மணி 40 நிமிடம். கோடையில் டொராண்டோ நம்மைவிட 9 மணி 30 நிமிடம் பின்னால். இரண்டையும் கூட்டினால் 21 மணி 10 நிமிடம். போகும்போது கூட்ட வேண்டும், திரும்பும்போது கழிக்க வேண்டும். புதன் மதியம் 2 மணிக்கு டொராண்டோவில் ஏறியவர் வியாழன் இரவு 8 மணிக்குச் சென்னையில் இறங்கினால் கடிகாரப்படி 30 மணி. ஒன்பதரையைக் கழித்தால் இருபதரை மணி.

கோடை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. டொராண்டோவில் மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னே இழுப்பார்கள். குளிர்காலத்தில் வித்தியாசம் 10 மணி 30 நிமிடம். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இந்த மாற்றம் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் நடக்கும். அதனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும், அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் இடையே வழக்கமான ஐந்து மணி வித்தியாசம் நான்காகிவிடும். அந்த வாரங்களில் பயணம் செய்கிறவர்கள் நேரத்தை இரண்டு தடவை சரிபாருங்கள். வளைகுடா நாடுகளில் இந்த வழக்கமே இல்லை.

வீட்டுக்குப் பேச நினைப்பவர்களுக்கு ஒரு சுருக்கு வழி: சென்னை நேரத்தோடு கோடையில் இரண்டரை மணி, குளிர்காலத்தில் ஒன்றரை மணி கூட்டி, காலையை இரவாகவும் இரவைக் காலையாகவும் மாற்றிக்கொள்ளுங்கள். ஜூலையில் இங்கே இரவு 8 என்றால் அங்கே காலை 10.30. இங்கே காலை 8 என்றால் அங்கே முந்தின இரவு 10.30.

உலகத்தை மணி மண்டலங்களாகப் பிரிக்கும் இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு ஊர்களுமே கடன்காரர்கள் அல்ல, கடன் கொடுத்தவர்கள். கனடா ரயில்பாதைப் பொறியாளர் சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் உலகம் முழுவதற்குமான நேர ஒழுங்கு பற்றிய தன் திட்டத்தை 1879-இல் முன்வைத்தது டொராண்டோவில். அதற்கும் முன்னால், 1802-லேயே, நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் சென்னை நேரத்தைக் கணித்து வைத்தார்: கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். இந்திய ரயில்கள் நெடுங்காலம் ஓடியது அந்த மெட்ராஸ் நேரத்தில்தான். 1906 ஜனவரி 1-இல்தான் இன்றைய ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. வானாய்வகத்தின் கல்தூண் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. பயணத்துக்கு இது தேவையில்லைதான். ஆனாலும் இந்த இரண்டு ஊர்களுக்கு இடையே கடிகாரத்தைத் திருப்புகிறவர் தெரிந்துகொள்ளலாம்.

டிக்கெட்டில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது தேதி. ஐரோப்பா போகும் விமானங்கள் சென்னையிலிருந்து பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின்னோ விடியற்காலையிலோ கிளம்பும். 15-ஆம் தேதி 01.50 என்று போட்டிருந்தால் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி இரவுச் சாப்பாடு முடிந்ததும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். பெரியவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகள், "பதினாலாம் தேதி ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுல கிளம்பணும்" என்று தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

காத்திருக்கும் நேரம்

பறக்கும் நேரம் பெரும்பாலான வழிகளில் 18, 19 மணிதான். மிச்சம் முழுவதும் காத்திருப்பு. விலையும் வசதியும் இங்கேதான் தீர்மானமாகின்றன.

ஒரு மணி 10 நிமிட இடைவெளியில் அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம் என்று இணையதளம் டிக்கெட் விற்கும். விதிப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதமானால் துபாயிலோ ஹீத்ரோவிலோ ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்கு ரயிலோ பேருந்தோ பிடித்து, மறுபடி பாதுகாப்புச் சோதனை முடித்து ஓட வேண்டும். முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவால் அது முடியாது. இரண்டரை மணியிலிருந்து நான்கு மணி வரை உள்ள இடைவெளி நல்லது. ஆறு மணியைத் தாண்டினால் அலுப்பு. பத்து மணிக்கு மேல் என்றால் கட்டணம் நன்றாகக் குறைந்திருந்தால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் நிறுவனம் ஓட்டல் அறை தருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாப் பயணமும் ஒரே டிக்கெட்டில், ஒரே முன்பதிவு எண்ணில் இருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வேன். சென்னை – டெல்லி தனியாக, டெல்லி – டொராண்டோ தனியாக எடுத்தால் சில ஆயிரம் மிச்சமாகும். ஆனால் உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான் இலவசம். கனடா டிக்கெட்டிலோ பெரும்பாலும் 23 கிலோ பெட்டி இரண்டு. மிச்சம் பிடித்த பணம் கூடுதல் எடைக்கே போய்விடும். டெல்லியில் பெட்டிகளை எடுத்து மறுபடி போட வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பில்லை. ஒரே டிக்கெட்டில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் வேலை.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை ஓடுபாதை மூடப்பட்டது. 2024 ஏப்ரலில் ஒரே நாள் மழையில் துபாய் விமான நிலையம் வெள்ளக்காடாகி, சேவை சீராகப் பல நாள் ஆனது. 2025 மார்ச்சில் துணைமின் நிலையத் தீயால் ஹீத்ரோ ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நின்றது. அதே ஆண்டு ஜூனில் கத்தார் தன் வானைச் சில மணி நேரம் மூடியது. எந்த வழியும் பத்திரமான வழி என்று சொல்வதற்கில்லை. டொராண்டோவில் டிசம்பர் முதல் மார்ச் வரை பனி. இறக்கையில் படிந்த பனியைத் திரவம் பீய்ச்சிக் கரைத்த பிறகே கிளம்ப முடியும். திரும்பி வருகிறவர்கள் அதற்கும் ஒரு அரை மணி ஒதுக்குங்கள்.

அமெரிக்கா வழியாகப் போகும் மலிவு டிக்கெட்டுகளும் கண்ணில் படும். நியூயார்க்கிலோ சிகாகோவிலோ விமானம் மாறுவதற்கு மட்டும்தானே என்று நினைக்காதீர்கள். அங்கே வெளியே போகாமல் மாறிக்கொள்ளும் வசதி இல்லை. குடிவரவுச் சோதனை முடித்தாக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவருக்கு அதற்கு அமெரிக்க விசா வேண்டும். கனடா விசா மட்டும் வைத்திருப்பவரைச் சென்னையிலேயே நிறுத்திவிடுவார்கள். லண்டன், பிராங்க்பர்ட் வழியாகப் போகிறவர்களும் தங்கள் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் இடைமாறல் விசா தேவையா என்று அந்தந்த நாட்டின் அதிகாரப்பூர்வ தளத்தில் பணம் கட்டுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். ஏஜென்டின் வாய்ச்சொல் போதாது. வளைகுடா நாடுகளில் விமான நிலையத்தை விட்டு வெளியே போகாதவரை பிரச்சினை இல்லை.

எந்த வழி யாருக்கு நல்லது? என் அபிப்பிராயம் இது. முதல் தடவை தனியாகப் போகும் அப்பா அம்மாவுக்கு வளைகுடா வழி எளிது: ஒரே மாற்றம், ஒரே நிறுவனம், சுற்றிலும் தமிழோ மலையாளமோ இந்தியோ பேசுகிற முகங்கள். குறை என்னவென்றால், இரண்டாவது பயணம் 14 மணி நேரம் ஒரே இருக்கையில். நீண்ட நேரம் உட்கார முடியாதவர்களுக்கு, முதுகுவலி உள்ளவர்களுக்கு, லண்டன் அல்லது பிராங்க்பர்ட் மேல். ஏறக்குறைய பத்தும் எட்டுமாகப் பயணம் இரண்டாகப் பிரிகிறது. மதியமோ மாலையோ டொராண்டோவில் இறங்குவதால் சாப்பிட்டுவிட்டு நேராகப் படுக்கைக்குப் போகலாம். உடம்புக்கு அது பெரிய உதவி.

சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள், கட்டணம் கிடையாது. நடக்க முடிந்தவர்கள்கூடப் பெரிய விமான நிலையங்களில் வழி தேடி அலையாமல் இருக்க இதைக் கேட்கிறார்கள். உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்கு நாற்காலி பற்றாமல் போவதும் அதனால்தான், யோசித்துக் கேளுங்கள். சைவச் சாப்பாடு வேண்டுமானால் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் "ஏவிஎம்எல்" என்ற குறியீட்டில் பதிய வேண்டும். இந்திய முறைச் சைவ உணவுக்கு உரிய குறியீடு அதுதான். வெறுமனே சைவம் என்று சொன்னால் வேகவைத்த காய்கறியும் ரொட்டியும் வந்து சேரும்.

உடம்புக் கணக்கு

ஜூன் மாதம் துபாயிலிருந்து அதிகாலை கிளம்பும் விமானத்தில் சூரியன் உதித்தபின் டொராண்டோ போய்ச் சேரும் வரை மறையவே மறையாது. சூரியனைத் துரத்திக்கொண்டே வடக்கே போகிறீர்கள். ஜன்னல் திரையை இறக்கிவிட்டுத் தூங்கச் சொல்வார்கள். கிரீன்லாந்து வரும்போது மட்டும் ஒரு விரற்கடை தூக்கிப் பாருங்கள்.

பத்து மணி நேர வித்தியாசம் என்றால் உடம்புக்குப் பகலும் இரவும் தலைகீழாகிறது. பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு மணி என்ற அளவில்தான் உடம்பு சரிக்கட்டும். மேற்கே போவதைவிடக் கிழக்கே திரும்பி வருவது பலருக்குக் கஷ்டம். போய் இறங்கிய முதல் வாரம் திருமணம், கோயில், நயாகரா என்று எதையும் வைக்காதீர்கள். நான்கு மணிக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் எந்த ஊர் நேரப்படி போடுவது என்று மருத்துவரிடம் டிக்கெட்டைக் காட்டிக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்துகள் எப்போதும் கைப்பையில். கீழே போகும் பெட்டியில் வேண்டாம்.

கடைசியாக, எந்தத் தளமும் சொல்லாத தூரம் ஒன்று பாக்கி. பியர்சன் விமான நிலையம் இருப்பது நகரத்தின் மேற்கே, மிசிசாகா பக்கம். தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோ இருப்பது கிழக்கே. நடுவில் 401 நெடுஞ்சாலை. மாலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். தனியாகப் போகிறவர்கள் யூபி எக்ஸ்பிரஸ் ரயிலில் 25 நிமிடத்தில் நகர மையத்தின் யூனியன் நிலையத்தை அடைந்து அங்கிருந்து மாறலாம். இரண்டு பெரிய பெட்டியோடு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விமானம் தரை தொட்டபின் குடிவரவு, பெட்டி, சுங்கம் முடிந்து வெளியே வர ஒரு மணி முதல் ஒன்றரை மணி ஆகும். பியர்சனில் முனையம் 1, முனையம் 3 என இரண்டே உண்டு, 2 கிடையாது; எது என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லுங்கள். அழைக்க வருகிறவருக்கு உத்தேச நேரம் சொல்வதைவிட விமான எண்ணை அனுப்புவது மேல். சென்னையில் ஏறும் விமானத்தின் எண் அல்ல, கடைசியாக டொராண்டோவில் இறங்கும் விமானத்தின் எண்.